விரற்கடை

“எவ்வளவு இறக்கணும்க்கா?”
வண்டிக்கு அடியிலிருந்து ஞானசெல்வத்தின் குரல்.
மூணு விரக்கடை என்றேன்.
“யார் விரல்ல?”
அவனுக்கு நடுவிரல் பாதிதான்.

செம்மண் அடித்தவரிடம் வாங்கிய பிக்கப்.
பாரம் தாங்கக் கூடுதல் பட்டை செருகி
பின்பக்கத்தைத் தேள்போலத் தூக்கி வைத்திருந்தார்.
நான் இழுப்பதோ படகு.
கொக்கி உயரம், டிரெய்லர் மூக்கு வானத்தில்;
தேவனாம்பட்டினம் சாலையில் வேகமெடுத்தால்
படகு வாலாட்டும்,
ஸ்டியரிங் என் பேச்சைக் கேட்காது.

யூ போல்ட்டில் உப்புத் துரு.
நாலு சுத்தியலடி, ஒரு கெட்ட வார்த்தை,
அப்புறம் என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.
பக்கத்துக்கு இரண்டாய்ப் பட்டைகளை உருவியதும்
பந்தியில் இடம் கிடைத்தவர்போல
வண்டி உட்கார்ந்தது.

அளவுகோல் தேடவில்லை அவன்.
பாதி குடித்த டீத் தம்ளரை
டிரெய்லர் கம்பிமேல் வைத்துக் குனிந்து பார்த்தான்.
எந்தப் பக்கமும் சாயவில்லை டீ.
எடுத்துக் குடித்துவிட்டான்.

முதுநகர் வரும்வரை பின்னால் சத்தமே இல்லை.
கண்ணாடியில் பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.
மீன் சந்தை தாண்டி ஓரங்கட்டி
இறங்கிப் போய்
படகைத் தொட்டுவிட்டு வந்தேன்.

பக்கத்து இருக்கையில் அந்த நான்கு பட்டைகள்,
பள்ளத்துக்குப் பள்ளம்
கிணுங் என்றன.