இருபத்திரண்டு பாகை

பதினொரு நாளாக ஸீனத் என்னோடு கதைக்கவில்லை.
இன்றைக்குப் பார்த்து மிஸ்
இடாப்பு ஒழுங்கில் சோடி பிரித்தார்.
எனக்கு அடுத்த பெயர் அவளுடையது.
அவள் பொலிஸ்தைரீன் குவளையைப் பிடித்தாள், நான் வெப்பமானியை.
கொட்டாஞ்சேனை வெயில்
எங்களுக்கு முன்பே ஆய்வுகூடத்து மேசையில் வந்து குந்தியிருந்தது.
ஜன்னலில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்
யாரையோ காட்டிக்கொடுப்பதுபோல் கை நீட்டி நின்றன.

சண்டை ஒரு வரியால் வந்தது.
'பிணைப்பு உடையும்போது சக்தி வெளிவரும்.'
இரண்டு கொப்பியிலும் அதே வரி,
அதே இடத்தில், அதே எழுத்துப்பிழையோடு.
யார் யாரைப் பார்த்தது என்று மிஸ் கேட்டார்.
நான் முந்திக்கொண்டேன்.
'அவள்தான், மிஸ்.'

பொய்.
முதல்நாள் பின்னேரம், மழைக்கு ஒதுங்கிய பேக்கரிக்குள்,
மாலு பணிஸ் எண்ணெய் பட்ட அவள் கொப்பியில்
கறையைத் தவிர மற்றதெல்லாம்
பார்த்து எழுதியது நான்.

அந்த வரி பிழை என்பது வேறு கதை.
எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும்.
தேங்காயை உடைத்தால் தண்ணீர் தெறிக்கிறது,
போத்தல் உடைந்தால் சத்தம்.
ஆனால் இரண்டு அணுக்களின் பிடியை விடுவிக்க
நாம்தான் செலவழிக்க வேண்டும்.
இலவசமாக எதுவும் பிரிவதில்லை.
பிரிந்தவை வேறொன்றைக் கட்டிக்கொள்ளும்போதுதான்
சக்தி வெளியே வரும்.

நாலாம் குறுக்குத் தெருவின் செத்தல்மிளகாய்க் கடையில்
அப்பா தும்மித் தும்மி எழுதும் பேரேடு மாதிரி:
உடைத்த செலவு இந்தப் பக்கம்,
கட்டிய வரவு அந்தப் பக்கம்.
கைக்குத் தெரிவது மிச்சம் மட்டும்.
வரவு மிஞ்சினால் குவளை சுடும், புறவெப்பம்.
செலவு மிஞ்சினால் அது கடன் கேட்கும்,
தண்ணீரிடம், காற்றிடம்,
பிடித்திருப்பவளின் உள்ளங்கையிடம்.
அதற்குப் பெயர் அகவெப்பம்.

சிற்றிக் அமிலக் கரைசல். அதற்குள் அப்பச்சோடா, மூன்று கரண்டி.
நுரை பொங்கி விளிம்புவரை வந்தது.
பொங்குவதெல்லாம் சுடும் என்று
பால் காய்ச்சும் வீட்டில் வளர்ந்தவள் நான்.
முப்பது. இருபத்தெட்டு. இருபத்தைந்து.
வாசித்துச் சொல்ல வேண்டியவள் நான்தான்.
தொண்டை திறக்கவில்லை.

'இருபத்திரண்டு' என்றாள் ஸீனத்.
பதினொரு நாளில் முதல் சொல்.
ஓர் எண். பாகை செல்சியஸில்.

அடுத்த மேசையில் டிலோஷன்
சுடரடுப்போடு மல்லுக்கு நின்றான்.
வாயு சீறுகிறது, காற்று தாராளமாக இருக்கிறது,
எரிய எல்லாம் தயார்; எரியவில்லை.
ஈரத் தீக்குச்சி இரண்டு முறிந்தன.
'ஏவற்சக்தி போதாது!' என்று யாரோ கத்த,
வகுப்பு சிரித்தது.
மூன்றாவது குச்சி பற்றியது. ஒரு குச்சிதான்.
பிறகு அந்த நீலச் சுடர்
தன்னைத் தானே பார்த்துக்கொண்டது.

நான் எழுந்தேன்.
'மிஸ், அண்டைக்குப் பார்த்து எழுதினது நான்.'
மிஸ் வாயுக் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார்,
'என்ன?' என்றார்.
இரண்டாம் தரம் சொல்வது
முதல் தரத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.
இதைப் பாடப்புத்தகம் சொல்லவில்லை.

'இடைவேளைக்கு வா' என்றார் மிஸ்.
ஸீனத் குவளையைக் கழுவி வந்து
அமிலத்தை அளந்து ஊற்றினாள்.
'காரத்த ஊத்து. சிந்தாம.'
முப்பது முப்பத்தாறாகியது.
குளிர்ந்து வெளுத்திருந்த விரல்களை
அவள் குவளையைவிட்டு எடுக்கவில்லை.

முடிவை எழுதும்போது
கொப்பியை முழங்கையால் மறைத்துக்கொண்டாள்.
சரிதான்.
ஆனால் குவளையை என் பக்கம் நகர்த்தி வைத்திருந்தாள்,
இன்னும் இளஞ்சூடாக, மூடியில்லாமல்.
மூடியில்லாவிட்டால்
கொஞ்சம் வெப்பம் கணக்கில் வராமல் போய்விடும்.
வழுக்கள் என்ற தலைப்பின் கீழ் அதை எழுதினேன்,
என் சொந்த வரியாக.