எள்ளும் மணலும்

செல்லூரில் செல்போன் கடைக்கு மேல் மாடியில்
என் கிளினிக். மருந்து கிடையாது.
நாடி பார்க்க மூன்று விரல், ஒரு டப்பா ஊசி,
ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் எழுதிய
நீலக்கோட்டு நோட்டு ஒன்று.

பங்குனி மத்தியானம்.
நாகஜோதி பிள்ளையோடு படியேறி
நிலைக்கு வெளியிலேயே நின்றாள்.
"உள்ள வரலாமாக்கா? அம்மையோன்னு இருக்கு."
காத்திருந்த இருவரை வீட்டுக்கு அனுப்பினேன்.
கண் சிவந்து, மூக்கு ஒழுகி,
வெளிச்சம் பொறுக்காமல்
அவள் கழுத்தில் முகம் புதைத்திருந்தான் லிங்கேஸ்.
காதுக்குப் பின்னால் நாலைந்து புள்ளி.

பதினேழாம் பக்கம்.
சீனத்துக்காரர்கள் இதை எள் என்கிறார்கள்,
தோலில் தூவியதுபோல் வருவதால்.
நாம் மணல்வாரி என்கிறோம்,
வைகையில் வாரிக்கொள்ள மணல் இருந்தபோது
வைத்த பெயராக இருக்கும்.

வாசித்துக் காட்டினேன், வாத்தியார் தோரணையில்:
மூன்று நாள் காயும், மூன்று நாள் பூக்கும்,
மூன்று நாள் அடங்கும்.
உள்ளே வந்த விஷத்துக்கு வெளியே போக வழி விடு,
வைத்தியம் அவ்வளவுதான். கதவைச் சாத்தாதே.
புள்ளி முழுக்க வரும்வரை குளிர்ச்சி ஆகாது,
இளநீரும் வேண்டாம்.
"ஆத்தா எறங்கணும்னு எங்க அத்தையும் சொல்லுது,
இளநி மட்டும் குடுக்கச் சொல்லுது."

அடுத்த வரியையும் வாசித்திருக்கக் கூடாது:
கருவிலேயே தாயிடமிருந்து ஒட்டிவந்த சூடு.
"அப்ப என் வயித்துல இருந்துதான் வந்துச்சாக்கா?"
நோட்டை மூடினேன்.
கொத்தமல்லிக் கட்டை வேகவைத்து
வெதுவெதுப்பாய்த் துணியில் நனைத்து ஒற்றச் சொன்னேன்.
"ரசத்துக்குப் போடுறதா?"
அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

நாலாம் நாள் ராத்திரி போன் வந்தது.
நிலையில் வேப்பிலை. உள்ளே கொத்தமல்லி வாசம்.
நெஞ்சுவரை வந்த சிவப்பு மங்கியிருந்தது,
பாதத்துக்கு இறங்கவே இல்லை.
ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கு விரிந்து சுருங்கியது,
விலாவுக்கு நடுவே குழி விழுந்தது.
பதினேழாம் பக்கத்தின் கீழே
சிவப்பு மையில் நானே அடிக்கோடிட்டது:
உள்ளே திரும்பினால் நுரையீரலில் போய் உட்காரும்.
அதற்கடுத்து எங்கெங்கே குத்துவது என்று
புள்ளிகள் வரிசையாய் இருந்தன.
அவற்றை நான் நினைவுபடுத்திக்கொள்ளவில்லை.

"ஆத்தா இருக்கும்போது வாசல் தாண்டப்படாது"
என்று மாமியார் நிலையை மறித்தாள்.
"கதவைச் சாத்தாதீங்கம்மா, வழி விடுங்க."
சொன்ன பிறகுதான்
யாருடைய வாக்கியம் அது என்று தெரிந்தது.
ஆட்டோ கல்பாலம் ஏறியது.
அவள் மடியில் ஒரு வேப்பங்கொத்து எப்படியோ வந்திருந்தது.

பெரியாஸ்பத்திரி. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய்.
நாக்கில் மஞ்சளாய் வைட்டமின் சொட்டு.
தூக்கம் இல்லாத கண்ணோடு டியூட்டி டாக்டர் கேட்டார்:
"ஒம்பதாம் மாசத்து ஊசி போட்டீங்களா?"

போன வருஷம் என் கிளினிக்கில்
அட்டையை நீட்டி இதையேதான் அவள் கேட்டிருந்தாள்.
"எதுக்கு வீணா, உடம்பு தானே பாத்துக்கும்"
என்றது நான்.
ஊசி வைத்துப் பிழைப்பவள்.

நாகஜோதி என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரை.
"ஊருக்குப் போயிருந்தோம் சார். விட்டுப்போச்சு."

ஒன்பதாம் நாள் தோல் தவிடாய் உதிர்ந்தது.
நோட்டிலும் தவிடு என்றுதான் இருக்கிறது.
"இப்ப இளநி குடுக்கலாமாக்கா?"
என்னைத்தான் கேட்டாள், இன்னமும்.
குடு என்றேன். கரும்புச்சாறும் குடு என்றேன்.
வேறு ஒன்று சொல்ல வாய் வரைக்கும் வந்து
வாயிலேயே நின்றது.

மாடிப்படிச் சுவரில் என் பெயர்ப் பலகைக்குக் கீழே
சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறேன்:
தடுப்பூசி, புதன்கிழமை, காலை ஒன்பது மணி.
மழைச்சாரல் அழித்தால் மறுபடி எழுதுகிறேன்.