லக்கேஜ் சீட்டு

காட்பாடி ஜங்ஷனில் ஏறுகிறவர்களின்
பெட்டிக் கைப்பிடியைத்தான் முதலில் பார்ப்பேன்.
முகம் அப்புறம்.

கைப்பிடியைச் சுற்றி ஒட்டிய காகிதப் பட்டையில்
பெரிய எழுத்து எம்.ஏ.ஏ. அது சென்னை,
எல்லாப் பெட்டிக்கும் அதுவே.
ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது விஷயம்:
சி.சி.யூ. கொல்கத்தா,
ஜி.ஏ.யூ. குவாஹாட்டி,
ஐ.எக்ஸ்.ஏ. என்றால் அகர்தலா, ரொம்ப தூரம்.
"ஆஸ்பத்திரி, தோ" என்று அவர் விரல் நீட்டுமுன்
எத்தனை மேகம் தாண்டி வந்தார் என்று
எனக்குத் தெரிந்துவிடும்.

பாலாற்றுப் பாலத்தில் வண்டி நின்றால்
எல்லோருக்கும் எரிச்சல்.
எனக்கு மட்டும் வரம்.
பின்படியில் தொங்கி அண்ணாந்தால்
மேற்கே போகிறது ஆறு இருபது,
வெயிலில் நனைந்த ஒரு ஊசி.
"கண்டக்டரே, விசில்!" என்று கத்துவார் அன்வர் பாஷா
கண்ணாடியில் என் கழுத்தைப் பார்த்து.

சாமியில்லாக் கோயில், ராசாவில்லாக் கோட்டை,
தண்ணியில்லா ஆறு என்ற பழைய பட்டியலில்
அப்துல்லாபுரத்தையும் சேர்த்துச் சிரிப்பார்கள் டெப்போவில்:
விமானமில்லா விமான நிலையம்.
சிரியுங்கள்.
கோயிலுக்குச் சாமி திரும்பி வரவில்லையா?
ஆற்றில்கூட ஒரு மழைக்கு
பாலத்தைத் தொட்டுக்கொண்டு போனதே தண்ணி.

போன செவ்வாய் வார ஓய்வு.
மீனம்பாக்கத்தில், ஒரு துண்டும் சட்டையும் வைத்த பையைத்
தராசில் ஏற்றினேன்.
ஒன்றே கால் கிலோ.
"கையிலேயே எடுத்துப் போகலாமே சார்"
என்றது கவுண்டர் பெண்.
"இல்லம்மா, போடு. சீட்டு ஒட்டு."

இறக்கை தலைக்கு மேலே இருக்கும் சின்ன விமானம்,
சன்னலை மறைக்க எதுவுமில்லை.
காற்றாடி சுழலச் சுழல
பல் கிட்டும் அளவுக்கு ஒரு அதிர்வு,
நம்ம பழைய வண்டி மூன்றாம் கியரில் ஏறுகிற மாதிரி.
பெங்களூரில் என்ன வேலை என்று கேட்டார் பக்கத்து சீட்டு.
வேலையில்லை என்றேன்.
அதற்குமேல் அவர் பேசவில்லை.

இருபதாவது நிமிஷம் வேலூர்.
வறுத்த கடலைத் தோல் நிறத்தில் மலைகள்,
அகழி ஒரு பச்சைக் கோடு,
மணலாய்ப் பாலாறு,
அதன் குறுக்கே தலைமுடி ஒன்று: பாலம்.
என் பஸ் தெரியவில்லை.
தெரிந்ததென்று சொன்னால் பொய்.
ஆனால் அந்த முடியில் எங்கோ
மாற்றுக்கு வந்த குப்புராஜ்
"படியில நிக்காதே" என்று கத்திக்கொண்டிருந்தான்,
அது நிச்சயம்.
நாலு நிமிஷம். முடிந்தது.
காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் நேரத்தில்
ஒரு மாநிலம் மாறியிருந்தேன்.

பெங்களூரில் நாளெல்லாம் டவுன் பஸ்.
"எங்கே போகணும்?"
"கடைசி ஸ்டாப்."
"அங்கே என்ன இருக்கு?"
"திரும்பி வர பஸ்."
சரியான சில்லறை கொடுத்தேன்,
தொழில் மரியாதை.
மரங்கள் கூரையைத் தடவின.
எவன் ஏறினான், எவன் இறங்கினான்,
எவன் பாஸைக் காட்டவில்லை,
என் கணக்கில் இல்லை.
நடுவில் ஒரு தூறல், ஒரு காப்பி,
இன்னொரு கடைசி ஸ்டாப்.
ராத்திரி ரயிலில் வீடு.

புதன்கிழமை, முதல் டிரிப்.
கையில் எக்ஸ்ரே உறையோடு ஏறியவர்
என் தோல்பை வாரையே பார்த்தார்.
அதில் சுற்றியிருந்தது பி.எல்.ஆர்.
பிறகுதான் என் முகம் பார்த்தார்.
சிரித்து, தன் பெட்டியைத் திருப்பிக் காட்டினார்:
ஐ.எக்ஸ்.ஏ.

எனக்கு இந்தி வராது. அவருக்குத் தமிழ் வராது.
உள்ளங்கையைச் சாய்த்து
ஒரு இறக்கம் இறக்கினேன்.
அவரும் இறக்கினார்,
ரெண்டு குலுக்கலோடு, ஓடுபாதை வரைக்கும்.

"ஆஸ்பத்திரி, தோ."
கிழித்துக் கொடுத்தேன்.
மேலே ஏதோ போகிற சத்தம்.
பார்க்கவில்லை,
அவருக்கு நாலு ரூபாய் பாக்கி இருந்தது.