ஓசி பதினேழு

இடது கன்னத்தின் உட்புறம்,
கடைவாய்ப் பல்லுக்கு நேரே.
இருபது வருடம் அதக்கிய இடம்.
அங்கிருந்து ஒரு மிளகளவு
ஐஸ் பெட்டியில் ஊட்ரம் சாலையைக் கடந்து வந்தது.

படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டியவள் நான்.
"இது இங்கேயே இருக்குமா?"
"பிழைத்தால் இருக்கும்."
"அதுக்குப் பெர்மிட் வேணாமா?"
இரண்டு விரல் நுழையாத வாயால்
சிரித்தார் தவசிமுத்து.

சுங்கை காடுட் விடுதியில்
மெத்தைக்கு அடியில் பொட்டலம்.
பகலில் சாரத்தின் மேல் தூக்கம் வராமலிருக்க.
இரவில், வர.

முதல் பதினாறும் செத்தன.
ஒன்றில் பூஞ்சை.
ஒன்றைத் தீபாவளி விடுமுறையில்
நான்தான் பட்டினி போட்டேன்.
மற்றதிலெல்லாம் நார்ச் செல்கள் முந்திக்கொண்டன,
காலிமனையில் லாலாங் மாதிரி.
பதினேழாவதில், ஒன்பதாம் நாள்,
விளிம்போரம்
கூழாங்கல் பாவியதுபோல் நாலைந்து.
சியூ யென் மைக்ராஸ்கோப்பை விட்டு எழவே இல்லை.

பெயர் எழுதக் கூடாது. வாய்ப்புற்றுக்கு
ஆங்கில எழுத்து இரண்டு, பிறகு எண்.
ஓசி என்றால் எங்கள் பாஷையில்
காசில்லாமல் கிடைப்பது என்றேன்.
யாருக்கு என்றாள்.

போன ஆகஸ்டில் பெர்மிட் முடிந்தது.
கழுத்துக் கட்டோடு திருச்சி விமானம்.
அறந்தாங்கிக்கு அப்பால் எனக்கு ஒன்றும் தெரியாது.
நவம்பரில் அவர் மச்சான் கூப்பிட்டார்:
அந்த ரிப்போர்ட் இனிமே வேணாங்க.

இந்த வாரம் ஆய்வுக்குப் புகையிலை வந்திருக்கிறது.
தடைசெய்த சரக்கு,
முத்திரை குத்திய அனுமதிக் கடிதத்தோடு,
இருநூறு கிராம்.
அரைத்து, வடிகட்டி, சொட்டுச் சொட்டாக விடவேண்டும்.
பழகிய ருசிதான்.
பிப்பெட்டை இரண்டு முறை கீழே வைத்தேன்.

ஞாயிறு. இந்நேரம் தேக்காவில் கால் வைக்க இடமிருக்காது.
இங்கே முப்பத்தேழு டிகிரி,
ரோஜா நிறத் திரவம், அதில்
பத்து சதம் கன்றின் ரத்த நீர்.
நேற்றையதை உறிஞ்சி எடுத்துப் புதிது ஊற்றுகிறேன்.
இடம் போதாமல் ஒன்றையொன்று நெருக்குகின்றன,
பன்னிரண்டு பேர் அறையில் போல.
பாதியைப் பிரித்து வேறு குடுவையில் விட்டு
மூடியில் எழுதுகிறேன்:
பாசேஜ் நாற்பத்து நாலு.

படிவத்தில், வயது என்ற இடத்தில்,
நாற்பத்து மூன்று.