ஓட்டைக்குக் கூலி

முப்பது வருடம்
சொட்டு நீர் இறங்காத தளம் போட்டவன் நான்.
எர்மோசியோ நகரில் யாரையும் கேளுங்கள்:
எலெவுத்தேரியோ போட்ட மொட்டைமாடியில்
மழைக்காலத்தில் வாத்து வளர்க்கலாம்.

இப்போது இந்த ஆஸ்பத்திரி வாசலில்
ஓட்டைக்குக் கூலி வாங்குகிறேன்.

மணல் வேண்டாமாம்.
சல்லியும் சிமெண்டும் போதுமாம்.
கலவையை அள்ளிப் பிடிக்கச் சொன்னாள்
எஞ்சினியர் யாதிரா.
எள்ளுருண்டையாய் நிற்க வேண்டும்;
உதிர்ந்தால் தண்ணீர் குறைவு,
விரலிடுக்கில் பால் வடிந்தால் அதிகம்.
பிடித்தேன். நின்றது.
பழக்கதோஷத்தில் கரணையால் மினுக்கப் போனேன்.
கையைத் தட்டிவிட்டாள்:
"மூச்சை அடைக்காதீர்கள்."

ஏழு நாள் பிளாஸ்டிக் போர்வை.
எட்டாம் நாள்
ஒரு வாளித் தண்ணீரை நடுவில் கவிழ்த்தாள்.
பூட்ஸ் நனையும் என்று விலகினேன்.
தண்ணீர் என் பக்கம் வரவேயில்லை.
கேட்ட கேள்வியை மறந்தவன் முகம் போல
வெறுமையாய் இருந்தது தளம்.

ஜூலை. காற்றில் பிசுபிசுப்பு ஏறியும்
மழையைக் காணோம்.
துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி;
குறிவைத்தாள்: அறுபத்தாறு.
பக்கத்துப் பழைய கான்கிரீட்: அறுபத்திரண்டு.
பொய் சொல்வானேன்,
உள்ளுக்குள் எனக்கு ஒரு சின்னக் குளிர்ச்சி.

குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.
"குடிக்காதவனுக்கு எப்படி வியர்க்கும்?"
தனக்குத்தான் சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் என் காதில் விழுந்தது
காலையிலிருந்து விழுந்துகொண்டிருந்த சத்தம்.
சுவரில் பதினாலு ஏசி.
பதினாலு குழாய்.
எல்லாம் சொட்டுச் சொட்டாய்
சாக்கடைக்கு.

ரம்பத்தை எடுத்தேன்.
கேட்கவில்லை அவளை.
குழாய்களை அறுத்துத் திருப்பி
தளத்துக்கு அடியில், சல்லிப் படுகைக்குள் விட்டேன்.

நாலாம் நாள் மதியம் ஐம்பத்தொன்று.
அவள் மூன்று தடவை அளந்தாள்.
குழாய்ப் பக்கம் மட்டும்தான்; கோடியில் இன்னும் கொதிக்கிறது.
இரவில் பிரசவ வார்டுக்கு வெளியே
தூக்கமில்லாத ஒரு பையன்
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
அங்கேயே நடந்துகொண்டிருந்தான்,
போக, வர.

வேலை முடிந்தும் அந்த வழியாகத்தான் போகிறேன்.
இன்று காலை துப்புரவுக்கார சாயோ
தெருப் புழுதியை எல்லாம்
தளத்தின் மேல் கூட்டித் தள்ளினாள்.

"நிறுத்து!" என்று கத்தினேன்
தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து.
"ஓட்டை அடைந்துவிடும்!"

துடைப்பத்தைப் பிடித்தபடி
என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
என் மாடியும்
அவள் வீட்டு மேல்தான் இருக்கிறது.