பூட்டும் கிளையும்

புந்தா அரேனாஸில் காற்று மிஞ்சினால்
நகராட்சி ஆட்கள் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு கடக்கலாம்.
எங்கள் நிரலுக்கு அப்படியொரு கயிறு இல்லையென்று
ஆகஸ்டில்தான் தெரிந்தது.

அதுவரை எங்களிடம் இருந்ததெல்லாம் ஃபோல்டர்கள்:
'கடைசி', 'மெய்யாகவே கடைசி',
'யாஸ்னா தொட்டது', 'யாரும் தொடாதே'.
ஒரு செவ்வாய்க்கிழமை என்னுடையதை மேலே வைத்தேன்.
அடியில் ருபெர்த்தோவின் மூன்று வாரம் நசுங்கியது.
கப்பல் திரையில் நான்கு மீட்டர் ஆழம்
பதினான்கு என்று காட்டியது.
நல்லவேளை, கேப்டன் திரையை நம்புகிறவர் அல்ல.
தொலைபேசியில் அவர் சொன்னதை
எழுத்தில் வைக்க முடியாது.

மறுநாள் சூப் ஆறி ஏடு கட்டும்வரை பேசினோம்.

யாஸ்னா மிஹோவிலோவிச் ஒரே சர்வர், ஒரே சாவிக் கட்சி.
எடுக்கிறவர் பூட்டிவிட்டு எடுக்கட்டும்,
வைத்த பிறகு அடுத்தவர்.
சப்வெர்ஷன் பழசாயிற்றே என்றதற்கு
"என் அடுப்பும்தான் பழசு, எரியவில்லையா?"

ருபெர்த்தோவுக்கு கிட்.
ஏன் என்றால், எல்லோரும் அதைத்தானே.
ஊரே ஓடுவது நாமும் ஓடக் காரணமாகாது என்றேன்.
நாளைக்கு வேலைக்கு வருகிற பிள்ளை
எதைப் படித்துவிட்டு வரும் என்று அவன் கேட்டான்.
நான் உப்பைத் தேடினேன்.

எனக்கு மெர்க்யூரியல் மேல் ஒரு பழைய பிரியம்,
வால்பராய்சோ வேலையில் ஒட்டிக்கொண்டது.
அதன் கட்டளைகள் மனிதர் பேசுவதுபோல் இருக்கும்.
பிரியத்தை வாதமாக்கத் தெரியவில்லை,
விட்டுவிட்டேன்.

கப்பலில் இருப்பவளைக் கேட்கவே இல்லையே என்று
யாருக்கோ உறைத்தது.
வானொலியில் எதெல்மிரா பய்யான்,
பாதி குரல், பாதி இரைச்சல்.
எங்கள் சண்டை முழுவதையும் கேட்டுவிட்டு
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"டிரேக் நீரிணையைத் தாண்டினால்
நாற்பது நாள் எனக்கு நீங்கள் யாரும் கிடையாது.
செயற்கைக்கோள் கேப்டனுக்கும் வானிலைக்கும் மட்டும்.
அங்கே ஒரு வரி திருத்தினால்
பதிந்து வைக்க யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா?"

யாஸ்னா கரண்டியைக் கீழே வைத்தாள்.

கிட் என்று முடிவாயிற்று. அதுவும் முக்கால் முடிவு.
சோனார் படம் ஒவ்வொன்றும் இரண்டு கிகாபைட்.
இருவர் எழுதிய நிரலைப் பின்னிவிடலாம்,
இருவர் தீட்டிய படத்தை என்ன செய்வது?
அவை மட்டும் பூட்டோடு
யாஸ்னாவின் பழைய சர்வரிலேயே கிடக்கின்றன.
தான் ஜெயித்ததாகவே இன்னும் அவள் பேசுகிறாள்.
படங்களைப் பொறுத்தவரை மறுக்க முடியாது.

எதெல்மிரா கரையேறியது நாற்பத்தொன்றாம் நாள்.
மடிக்கணினியில் அறுபத்துமூன்று பதிவுகள்,
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குறிப்பு.
"அலை. பசியில்லை. ஆழத் திருத்தம்."
"நேற்றையது தப்பு."
"நேற்றையது சரிதான்."
"பனிப்பாறை. எதையும் மாற்றவில்லை,
பதியவேண்டும்போல் இருந்தது."

அவள் கிளையை எங்களுடையதோடு இணைத்தோம்.
வழுக்கிக்கொண்டு போய்
ஒரே ஒரு வரியில் நின்றது:
நீரில் ஒலியின் வேகம்.
நான் கரையிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ஆக்கியிருந்தேன்,
கணக்குக்குச் சுலபமாக இருக்கட்டுமென்று.
அவள் வாளியில் கடலை மொண்டு
வெப்பமானியை முக்கிப் பார்த்து
ஆயிரத்து நானூற்று நாற்பத்தொன்பது.
மேலே ஏழு கூர்க்குறி, கீழே ஏழு,
நடுவில் ஏழு சமக்குறி போட்டுவிட்டு
இயந்திரம் கையைக் கட்டிக்கொண்டது:
நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

பேச என்ன இருக்கிறது?
அவள் விரல்களில் இன்னும் குளிர்வெடிப்பு ஆறவில்லை.
என் எண்ணை என் கையாலேயே எடுத்தேன்,
இந்தமுறை பார்த்துக்கொண்டே.
எடுத்ததும் எங்கேயும் போகவில்லை,
வரலாற்றில் உட்கார்ந்திருக்கிறது
என் பெயரோடும் தேதியோடும்,
யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி.

உள்ளறையில் யாஸ்னா கத்திக்கொண்டிருந்தாள்,
எந்த மடையன் மூன்று நாளாக
ஒரு படத்தைப் பூட்டி வைத்திருக்கிறான் என்று.

நான்தான்.