தம்பிக்கு வைத்த பாதி

அக்கா இசோல்டாவுக்கு
ஆளின் எடை கண்ணிலேயே தெரியும்.
இருபத்தெட்டு ஆண்டு சியாத்துராவின் ரோப் காரில்
கதவைத் திறந்து, கதவைப் பூட்டி,
தலை எண்ணிய பழக்கம்.
"நீ தொண்ணூறு, உன் மாவு மூட்டை இருபது,
அடுத்த பெட்டிக்கு நில்" என்பாள்.
சுரங்க மேலாளரும் நின்றிருக்கிறார்.
கீழே ஆறு
மாங்கனீசுக் கறுப்பில் போய்க்கொண்டிருக்கும்.

நேற்று அவளைப் புதைக்க மலையேறினேன்.
இப்போது கண்ணாடிப் பெட்டி,
கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது.
யாரும் என்னை எடைபோடவில்லை.

பள்ளி விட்டதும் நேரே அவளிடம்தான் போவேன்.
ஒரு பார்வை.
"இருபத்திரண்டு. போன மாதமும் இருபத்திரண்டு.
சாப்பாட்டைத் தின்கிறாயா,
சுவருக்கு ஊட்டுகிறாயா?"

அம்மா போனபோது எனக்கு ஐந்து, அவளுக்குப் பத்தொன்பது.
குத்தாயிசியிலிருந்து ஒருவன் பெண் கேட்டு வந்தான்,
பல் வைத்தியன், பளபளக்கும் சப்பாத்து.
"தம்பியும் வருவான்" என்றாள்.
"அதைப் பிறகு பார்க்கலாம்" என்றான்.
பிறகு அவள் அவனைப் பார்க்கவில்லை.

தெய்வமென்று சொல்ல வரவில்லை.
என் கடிதங்களைப் பிரித்துப் படித்தாள்.
கறுப்புக் காலுறையைச் சிவப்பு நூலால் தைத்து
"சப்பாத்துக்குள் யார் பார்ப்பது?" என்றாள்.
குறட்டை விட்டாள். கரண்டியால் அடித்தாள்.
பல் வைத்தியன் பேச்சை நான் எடுத்த ஒரே நாளில்
அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

இழவுப் பந்தியில்
அவரை விதையும் வால்நட்டும் ஒயினும் இருக்க,
கிழவர் அவ்தாந்தில் கோப்பையோடு எழுந்தார்.
எழ நேரம் பிடித்தது.
"முப்பது வருஷம் இவள்மேல் எனக்குக் கோபம்" என்றார்.
"இன்று சொல்லிவிடுகிறேன்."

தொண்ணூற்று மூன்றின் குளிர்காலம்.
மின்சாரம் போய், பாதிவழியில்
ஆற்றுக்கு மேலே தொங்கியது பெட்டி.
உள்ளே ஏழு பேர், வெளியே பனி.
இரவில் அவள் கோட்டுக்குள்ளிருந்து ஒரு ரொட்டியை எடுத்தாள்.
பாதியை ஏழாகக் கிள்ளி
மருந்துபோலக் கொடுத்தாள்.
மீதியைத் துணியில் சுற்றி
மறுபடி நெஞ்சுக்குள் வைத்தாள்.

"முழு நாள் பட்டினியாக வேலைமுடித்து வந்தவன் நான்.
கேட்டேன்.
'அது ஸாஸாவுக்கு' என்றாள்.
ஒருத்தி அழுதாள்.
'அது ஸாஸாவுக்கு.'
நடு இரவில் எனக்கு வந்த நினைப்பைச்
சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.
விடியும்போது பதினோரு நிமிடம் மின்சாரம் வந்தது.
இறங்கினோம்.
அவள் ஓடினாள்."

பந்தியில் யாரும் மெல்லவில்லை.
எல்லாக் கண்களும் என்மேல்.

அந்தக் காலை எனக்கு நினைவிருக்கிறது.
நீலம் பாரித்த மூக்கோடு கதவைத் தள்ளி வந்தாள்.
இருட்டில் தனியே விட்டுவிட்டு
எங்கோ கூத்தடித்துவிட்டு வருகிறாள் என்று
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.
தலைமாட்டில் ரொட்டியை வைத்தாள்.
"தேன் இல்லையா?" என்றேன்.
இல்லை என்றாள்.
முழுவதும் தின்றேன்.
எங்கே போயிருந்தாய் என்று
அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் அப்போதே வியப்பாக இருந்தது.
ஊரில் ஒரு அடுப்பும் எரியாத காலையில்
அந்த ரொட்டி
சூடாக இருந்தது.

கிழவர் செத்தவர்களுக்கென்று
ரொட்டித் துண்டில் இரண்டு சொட்டு ஒயின் விட்டார்.
உட்கார்ந்தார்.
நான் என் ரொட்டியைப் பிய்த்து
ஒரு பாதியை அவர் பக்கம் நீட்டினேன்.
கையில் வாங்கி, தூக்கிப் பார்த்து,
என் கையில் இருந்ததையும் பார்த்து,
"எனக்குக் கொடுத்தது சின்னப் பாதி" என்றார்.
"நீ அவள் தம்பிதான்."

பிறகு தின்ன ஆரம்பித்தார்.